ஐப்பசி இளநீர்

இன்றைக்குக் காபி வரவில்லை. இளநீர் வந்தது.

விடிந்ததிலிருந்து மழை தூறிக்கொண்டிருந்தது. ஐப்பசி மாதம். கொட்டகைத் தகரத்தில் விழும் சத்தத்தில் பேச்சு பாதிதான் கேட்டது.

"குடிங்க அம்மணி, சூட்டுக்கு நல்லதுங்க" என்றார் நரசிம்மலு. ஒரு கையில் குடை. கழுத்தைச் சுற்றி மப்ளர்.

அன்புக்கரசி சுவெட்டர் போட்டிருந்தாள். வாங்கிக்கொண்டாள்.

அவள் நாமக்கல் கால்நடைக் கல்லூரியில் மேல்படிப்புப் படிக்கிறாள். கறவை மாட்டின் கருப்பை அழற்சியும் ரத்தப் புரதங்களும் என்று ஆராய்ச்சித் தலைப்பு. பெண் பார்க்க வருகிறவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

சூலூர்ப் பக்கம் நரசிம்மலுவின் தோட்டத்தில் ஒரு செவலை மாடு. நன்றாகத் தின்றது, நன்றாகக் கறந்தது. காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை, வாடை இல்லை. எத்தனை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

இனியும் நிற்காவிட்டால் பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டிவிடுவதாக முடிவாகியிருந்தது. அங்கே அதை வாங்குகிறவர் கறப்பதற்காக வாங்கமாட்டார்.

அவள் ரத்தம் எடுத்துப் பார்த்தாள். நல்ல மாட்டில் தேடினாலும் கிடைக்காத ஒரு புரதம் இதில் எக்கச்சக்கம். போன ஈற்றில் முழுதாக விழாத நஞ்சுக்கொடி உள்ளே புண்ணாக்கி வைத்திருந்தது. போன முறை வந்து கருப்பைக்கு மருந்து செலுத்தினாள். புரதம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க இன்று மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்.

முந்தைய இரண்டு முறையும் நரசிம்மலுவின் மனைவி வெங்கடலட்சுமியே காபி கொண்டுவந்தார். எவர்சில்வர் டம்ளர், டபரா, தட்டில் முறுக்கு. குடித்த டம்ளரை அவரே கை நீட்டி வாங்கிப்போனார்.

இரண்டாம் முறை கிளம்பும்போது, எந்த ஊர், அப்பா யார் என்று நரசிம்மலு சாதாரணமாகக் கேட்டார். பக்கத்து ஊர்க் காலனி, சின்னான் மகள் என்று அவளும் சாதாரணமாகச் சொன்னாள்.

"அப்படீங்களா" என்றார். முகம் மாறவில்லை.

இன்றும் மாறவில்லை. வாங்க என்றார், உட்காருங்க என்றார். மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வெங்கடலட்சுமி சமையலறை ஜன்னலில் நின்று சிரித்தார். வெளியே வரவில்லை. காபி வாசனை மட்டும் வந்தது.

இளநீரில் ஒரு வசதி. குடித்ததும் தூக்கி எறிந்துவிடலாம். கழுவி உள்ளே அடுக்க வேண்டியதில்லை.

அவளுக்கு அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது. இளநீரை அப்படியே வாசலில் வீசிவிட்டுக் கிளம்பலாம். கிளம்பினால் மாடு அடுத்த சந்தைக்குப் போய்விடும்.

இளநீரின் வெட்டிய கண்ணில் மழைத்துளிகள் விழுந்தன. சேர்த்துக் குடித்து முடித்தாள்.

பிறகு ரத்தம் எடுத்து, குழாயை ஐஸ் பிளாஸ்கில் வைத்து மூடினாள்.

"வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியலீங்களே. உள்ள இத்தன இருந்திருக்குது. இது சரியாயிடுங்களா?"

"மாட்டுக்குச் சரியாயிடுங்க."

நரசிம்மலுவுக்கு நிம்மதி. கேட் வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தார்.

இருட்டுவதற்குள் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள். விடுதியில் தங்கியிருந்தவள் வீட்டுப் பக்கம் வந்தே மாதக்கணக்காகியிருந்தது. எங்கே கண்ணு போயிருந்தாய் என்று அப்பா கேட்டார். தோட்டத்தின் பெயரைச் சொன்னாள்.

சின்னான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குடிக்க என்ன குடுத்தாங்க?"

"இளநீங்கப்பா."

அவர் முகமெல்லாம் சிரிப்பு. அடுப்படியில் இருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

"கேட்டயா பழனியாத்தா? நான் அங்க தேங்கா போடப் போன காலத்துலயும் இளநிதான். மத்த தோட்டத்துலயெல்லாம் கொட்டாங்குச்சில தண்ணி ஊத்துவாங்க. அந்த ஊட்டுல மட்டும் எனக்குன்னே ஒண்ணு வெட்டிக் குடுப்பாங்க. இப்ப எம்புள்ளைக்கும் குடுத்திருக்கறாங்க. அவங்க மரியாத தெரிஞ்சவங்க!"

அன்புக்கரசி நனைந்த சுவெட்டரைக் கழற்றிக் கொடியில் போட்டாள். அதை நிதானமாக இழுத்துச் சரிசெய்தாள்.

"ஆமாங்கப்பா" என்றாள்.