முனை வேண்டாம்

“வெண்டைக்காய் திருத்தவே பயப்படற உனக்கு வேட்டைக் கத்தி எதுக்குடி?”

மூன்று மாதத்துக்கு முன்னால் ஹம்சினி கத்திப் படம் வரைந்திருந்த நோட்டைப் புரட்டிவிட்டு அப்பா வீரராகவன் கேட்ட கேள்வி அது. கொல்கத்தாவின் பவானிபூரில் அவர்கள் வீட்டில் காய்கறியைக்கூட ‘வெட்டு’ என்று சொல்லக்கூடாது. ‘திருத்து’ என்றுதான் சொல்ல வேண்டும். எறும்பு வரிசை குறுக்கே போனால் அப்பா நின்று, அது போன பிறகுதான் நடப்பார்.

அப்பா முன்னால் ஹம்சினிக்கு வார்த்தை வராது. மறுநாள் காலை வழக்கம்போலக் கிடர்பூருக்கு பஸ் ஏறினாள்.

அங்கே மணிவேலின் கத்திப் பட்டறை; ரிப்பேரும் பார்ப்பார். ஒருநாள் வீட்டு கிரைண்டரை ரிப்பேருக்குக் கொண்டுபோனவள், சாணைச் சக்கரத்தில் பறந்த தீப்பொறியைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டாள். கிரைண்டர் வீடு திரும்பியது. அவள் மனசு திரும்பவில்லை.

இன்று அவளுடைய முதல் கத்தி தயார். வாங்குகிறவர் நாலு மணிக்கு வருகிறார்.

“மணிவேல் அண்ணா, இன்னொரு தரம் பாருங்கோ. கொக்கியோட உள்பக்கம் சரியா இருக்கா?” பட்டறைக்குள் மட்டும் ஹம்சினிக்கு வாய் ஓயாது.

“பதினெட்டாவது தடவை பாப்பா. இதுக்கு மேல பார்த்தா கத்திக்கே வெக்கம் வந்துரும்.”

லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் பிறந்த நாலு அங்குல அலகு. முதலில் அவள் வரைந்த படத்தில் ஊசி போல ஒரு முனை இருந்தது. போட்டோவைப் பார்த்ததும் வாங்குகிறவர் போனில் சொல்லிவிட்டார்: “முனை வேண்டாம். உருண்டையா, மழுங்கலா இருக்கட்டும். முதுகுல ஒரு கொக்கி வேணும். கொக்கியோட உள்வளைவு மட்டும் பிளேடு மாதிரி அறுக்கணும். பிடி ஆரஞ்சு கலர்.”

“கத்தியோட மூக்கையே அறுக்கச் சொல்றாளே!” என்று அரை நாள் புலம்பினாள். அப்புறம் கொக்கி அவளைப் பிடித்துக்கொண்டது. பதினோரு பக்கம் வரைந்தாள். அந்த வளைவு இரும்பில் சரியாக விழுந்த அன்று குதித்த குதியில் தகரக் கூரையில் தலை இடித்தது. வலியே தெரியவில்லை.

“இந்தக் கொக்கி எதுக்குண்ணா?” என்று ஒருநாள் கேட்டாள்.

“அடிச்சுப் போட்ட மிருகத்தோட வயித்தைக் கிழிக்க. ஜிப்பு இழுக்கற மாதிரி.”

அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் மறுநாள் முதல் ஆளாகப் பட்டறைக்கு வந்து நின்றாள். வளைவு கூப்பிட்டது.

“அந்தம்மாவுக்குக் கத்தி பிடிச்சுட்டா இன்னும் இருபது கேட்டிருக்காங்க” என்றார் மணிவேல். “அப்புறம் இங்கயே வேலை, அந்த ஜன்னலோர மேஜை உனக்குத்தான். பிடிக்கலைன்னா...”

“பிடிக்கும்!”

“ஹம்சினி!”

வாசலில் அப்பா. வேட்டியைக் கரி படாமல் தூக்கிப் பிடித்திருந்தார்.

“நாளு, நேரம், விலாசம் எல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருக்கே. நேக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனைச்சியா?” மேஜையில் இருந்த கத்தியைத் தூக்கினார். “இந்தக் கொக்கி எதுக்குடி?”

ஹம்சினி மணிவேலைப் பார்த்தாள்.

“சார், அது... மாங்காய் பறிக்க” என்றார் மணிவேல்.

“நாலு அங்குலக் கத்தியால மாங்காயா? யூடியூப்ல பார்த்துட்டுதான் ஐயா வரேன். மான் வயித்தைக் கிழிக்கற கொக்கி! எங்காத்துப் பொண்ணு கையால!” மகளிடம் திரும்பினார். “இதை நேரா கங்கையில போடப்போறேன். இனிமே இந்தப் பக்கம் காலெடுத்து வைக்கப்படாது. கெளம்பு.”

“போடாதேங்கோப்பா!”

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று ஹம்சினிக்கே தெரியவில்லை.

“அது என்னோட முதல் கத்தி. ஒருத்தர் கையில பிடிச்சுப் பார்த்து, நன்னா இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் போடுங்கோ.”

அப்பா பதில் சொல்வதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது. முழங்கால்வரை சேறு காய்ந்த பூட்ஸோடு ஒரு பெண் இறங்கி வந்தாள்.

“நான் சத்யப்ரியா, போன்ல பேசினேனே. அட, இதுதானா! சார், நீங்க செஞ்சதா?”

“நானா? நான் எறும்பைக்கூட மிதிக்க மாட்டேன்!” அப்பா கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். “இவ பண்ணினது. ஆனா தரமாட்டோம். மானைக் கொல்றவாளுக்கு எங்காத்துலேர்ந்து கத்தி கிடையாது.”

சத்யப்ரியா பையிலிருந்து ஒரு நைலான் சுருக்குக் கயிற்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். முடிச்சில் பழுப்பு நிற மயிர் ஒட்டியிருந்தது.

“சுந்தரவனத்துல வேட்டைக்காரங்க மானுக்கு வைக்கற கண்ணி, சார். நான் ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட். கழுத்து மாட்டிக்கிட்டு மான் துள்ளும்போது, கயிறை அறுக்கப் போய் எங்க கத்தி முனை போன மாசம் ஒரு குட்டியைக் குத்திருச்சு. அதான் முனை வேண்டாம்னேன். இந்தக் கொக்கிக்குள்ள கயிறு மட்டும்தான் போகும்.”

அப்பா முடிச்சில் இருந்த மயிரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தியை முன்னால் கொண்டுவந்து, சுருக்கைத் தானே கொக்கியில் மாட்டி, ஒரு இழுப்பு இழுத்தார்.

கயிறு இரண்டாக விழுந்தது. கத்தியை மகள் கையில் வைத்துவிட்டு, “நன்னா இருக்கு” என்று சொல்லி, அவர் தனியாகவே வாசலைத் தாண்டிப் போனார்.