பேச்சியம்மா சொன்ன ரெண்டு சாவு

“அதெல்லாம் வேணாங்கையா. சிசிலிய நான் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கிட்டுப் போயிருறேன். அந்தப் பேச்சியம்மா கை என் வீட்டுக்காரி மேல படக் கூடாது.”

பிரசவத்துக்கு யார வச்சிருக்கீங்கன்னு தேயிலத் தோட்டத்து வேலைய மேற்பாக்குற கண்டாக்கையா கணேசமூர்த்தி கேட்டதுக்குத்தான், தோட்டத்துல மருந்து குடுக்குற டிஸ்பென்சரி ஐயா அலோசியஸ் இப்படிப் பதில் சொன்னாரு. சிசிலிக்கு இது ஒம்பதாம் மாசம். தலப்பிரசவம்.

“நேத்து வரைக்கும் அவளப் போலக் கைராசிக்காரி இல்லேன்னீங்க?”

“நேத்து வரைக்கும் அவ வாயத் தெறக்கலியே!”

நடந்தது இதுதான். கொழும்புல இருந்து ஒரு லேடி டொக்டர் வட்டகொடைப் பக்கம் வந்திருந்தாங்க. பிள்ளப்பேத்துல தாய்மாரு ஏன் சாகுறாங்கன்னு ஆராய்ச்சி. வேலைக்குப் போறவங்க கொழந்தைங்கள விட்டுட்டுப் போற பிள்ளக்காம்பரா ஞாயித்துக்கெழம காலியாக் கெடந்துச்சு. அதுல, தொட்டிலெல்லாம் அவுத்து ஓரமாப் போட்டுட்டு, சுத்துவட்டாரத்து மருத்துவச்சிங்க பதினெட்டுப் பேருக்கு வகுப்பு. காலையில மருத்துவச்சிங்க சொல்றதக் கேட்டுக்கிட்டு, அதுக்குத் தகுந்த மாதிரி அப்புறம் பாடம்.

தொழிலாளிங்க குடியிருக்குற லயம் லயமா ஏறி எறங்கி, “பயப்படாமச் சொல்லுங்க, யாரும் ஒன்னுஞ் செய்ய மாட்டாங்க”ன்னு ஒவ்வொருத்தியா அழச்சுக்கிட்டு வந்தவரு அலோசியஸ்தான்.

டொக்டரம்மா யாழ்ப்பாணப் பேச்சுல கேட்டாங்க. “உங்கட கையில ஆரும் தாய்மார் செத்திருந்தா, என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ. நான் குற்றம் பிடிக்க வரேல்ல.”

“எங்க தோட்டத்துல எல்லாம் சொகப்பிரசவந்தாங்க”ன்னா வேலாயி.

“எங்களதுலயுந்தாங்க”ன்னா ராக்காயி.

அதுக்கப்புறம் ஒருத்தியும் வாயத் தெறக்கல. அவங்க சொன்னபடி பாத்தா மலையில ஒரு தாயும் செத்ததில்ல. இடுகாட்டுல படுத்திருந்தவங்களுக்கு மட்டும் அது தெரியாது.

தன் கையில ஒருத்தி செத்தான்னு சொல்லிட்ட மருத்துவச்சிய, அப்புறம் எந்த லயத்துலயும் பிரசவத்துக்குக் கூப்புட மாட்டாங்க. அதனாலதான் அம்புட்டு அமைதி.

அப்பத்தான் பின்னால இருந்து இந்தத் தோட்டத்து மருத்துவச்சி பேச்சியம்மா எந்திரிச்சா.

“என் கையில ரெண்டு பேரு போயிட்டாங்கம்மா. ஒருத்தி, நஞ்சுக்கொடி விழாம ரத்தமாப் போயி. இன்னொருத்தி, கைகாலு வீங்கி, வலிப்பு வந்து.”

டொக்டரம்மா ஏசல. பக்கத்துல வந்து குந்தி, எவ்வளவு நேரம், என்ன செஞ்சீங்கன்னு பொறுமையாக் கேட்டு எழுதிக்கிட்டாங்க. “பெரிய உதவி அம்மா”ன்னாங்க.

அலோசியஸுக்குத்தான் சிசிலி நெனப்பு வந்திருச்சு. சாப்பாட்டுக்கு விட்டதும் வாசப்படியில நின்னு கண்டாக்கையாகிட்டப் பொலம்புனதுதான் மொதல்ல கேட்ட பேச்சு.

“நீங்கதானேய்யா பயப்படாமச் சொல்லச் சொன்னீங்க?”ன்னாரு கண்டாக்கையா.

“சொல்லத்தான் சொன்னேன். அதுக்காக என் வீட்டுக்குள்ளயும் விடணுமா?”

கண்டாக்கையா சிரிச்சுக்கிட்டே எறங்கிப் போயிட்டாரு.

அலோசியஸ் நேரா டிஸ்பென்சரிக்குப் போயி, பிரசவம் பதியிற பழைய பொஸ்தகங்கள எறக்குனாரு. செத்தது யாரு, எந்த வருசம்னு எடுத்துத் தொரைக்குக் காட்டிட்டா, வேற மருத்துவச்சி கேக்கலாமில்ல?

முப்பத்தஞ்சாம் வருசம் பேச்சியம்மா வேலைக்குச் சேந்ததுல இருந்து இந்த அம்பத்தேழாம் வருசம் வரைக்கும் ஒரு பக்கம் விடாமப் பாத்தாரு. நம்பாம இன்னொருக்காவும் பாத்தாரு.

திரும்பி வந்தப்ப சாப்பாட்டு நேரம் முடிஞ்சு போச்சு. உள்ள வேலாயி அழுதுக்கிட்டே என்னமோ சொல்லிக்கிட்டிருந்தா. பேச்சியம்மா மட்டும் பின்பக்கம் மலையில இருந்து வடியிற பீலித் தண்ணியில வெத்தல வாயக் கொப்பளிச்சுக்கிட்டு நின்னா.

“ஏம்மா, நீ சொன்ன ரெண்டு சாவும் பொஸ்தகத்துல இல்லியே?”

“செத்திருந்தாத்தானேங்கையா இருக்கும்.”

அலோசியஸ் இன்னும் கிட்ட வந்தாரு.

“அப்புறம் எதுக்கும்மா பொய்?”

“அந்தம்மா எம்புட்டுத் தூரம் வந்து கேக்குறாங்க, நாங்க பதினெட்டுப் பேரும் முழுங்கிக்கிட்டுக் குந்தியிருக்கோம். எவளாச்சும் மொதல்ல சொன்னாத்தானே மத்தவளுக சொல்லுவாளுக? நெசமாவே பறிகுடுத்தவளுக்கு நாக்கு எப்புடிங்கையா எந்திரிக்கும்? எனக்குன்னா வலிக்காது பாருங்க.”

“உன் பேரு கெட்டுப் போச்சே?”

“ஆமா, நீங்க வாசப்படியில நின்னு பேசுனது கேட்டுச்சு.” பேச்சியம்மா சிரிச்சா. “ஒன்னு செய்யிங்கையா. இவளுக எல்லாம் போனப்பெறகு டொக்டரம்மாகிட்டச் சொல்லி, என்னோட ரெண்டையும் கோடு போட்டு அடிச்சிரச் சொல்லுங்க. அந்தம்மா ஆராய்ச்சி தப்பாப் போயிரக் கூடாது. இவளுக இருக்கறப்ப மூச்சு விட்டுறாதீங்க.”

அலோசியஸ் ரெண்டு கையையும் கூப்புனாரு. தோட்டத்துல தொரையக்கூட அவரு அப்படிக் கும்புட்டதில்ல.

“சிசிலிக்கு நீதாம்மா வரணும்.”

“ரெண்டு பேர முழுங்குனவ வரலாங்களா?”

அவரு பதில் சொல்லுறதுக்குள்ள உள்ள இருந்து டொக்டரம்மா கூப்பிட்டாங்க.

“அலோசியஸ்! கெதியா ஓடி வாங்கோ! எல்லாரும் சொல்லத் தொடங்கிட்டினம், என்னால தனிய எழுதி முடிக்கேலாது!”

அலோசியஸ் பேனாவ உருவிக்கிட்டு ஓடுனாரு.