கடைசி மீன் சாகும்வரை

தொண்ணூற்றாறில் பல்லடத்து நாச்சிமுத்து கோழிகளை விற்றுவிட்டு, கொட்டகைக்குள் சிமெண்டுத் தொட்டி கட்டி, டேங்கர் லாரியில் கடல்தண்ணீர் கொண்டுவந்து நிரப்பி, ஐந்நூறு கொடுவா மீன் குஞ்சுகளை விட்டார். தீனிக்கு ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ப் பொடிப்பூச்சியைத் தினமும் பொரிக்க வைத்தார்.

"கடைசி மீனும் செத்துப்போட்டா கோழிக்கே திரும்பிர்றேன் அம்மணி" என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தெய்வாத்தாளும் கோழிக் கூண்டுகளுக்கு எண்ணெய் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

பண்ணை வழக்கப்படி காலையில் செத்ததை எண்ணி, சுவரில் கரிக்கோடு போட்டு, தென்னைக்கடியில் புதைப்பார். ஐம்பதாவது நாள் கோடுகள் அறுநூற்றுப் பன்னிரண்டு. தொட்டியில் மீன் குறையவேயில்லை.

"ஏனுங்க, சாகறதுக்கும் ஒரு அளவு வேண்டாமுங்களா?" என்றாள் தெய்வாத்தாள்.

கோழிக்கு நகம் கிள்ளி அடையாளம் வைப்பதுபோல, அன்று செத்த மீனொன்றின் வாலைக் கத்தரித்துப் புதைத்தார் நாச்சிமுத்து.

மறுநாள் தீனி ஊற்றியதும் முதல் ஆளாக மேலே வந்தது அந்த வால் கத்தரித்த மீன்தான். செதிலெல்லாம் தோப்புச் செம்மண்.

தெய்வாத்தாள் அது தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கூண்டையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுருங்க" என்றாள்.