ஓடுது, மேடம்

அழுகிறாளா என்று எட்டிப் பார்த்தான்.

அழவில்லை. லேப்டாப்பில் கடைசியாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"அனுப்பிட்டேங்க."

அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. வெளியே காட்டிக்கொள்ளாமல், "பதினோரு வருஷ உழைப்பு, பாவம்" என்று மட்டும் சொன்னான்.

அவள் அனுப்பியது ஓர் அறிவிப்பு. பழைய முப்பத்திரண்டு பிட் பிராசசர் உள்ள கம்ப்யூட்டர்களுக்கு இனிமேல் புதுப் பதிப்பு கிடையாது. இன்றோடு சரி.

எங்கெங்கோ இருக்கும் இருபது பேர் சம்பளம் வாங்காமல் செய்து, உலகத்துக்கே சும்மா கொடுக்கிற இயங்குதளம், அதாவது கம்ப்யூட்டரை ஓட்டுகிற ஆபரேட்டிங் சிஸ்டம், அது. அதில் பழைய மெஷின்களுக்கான பகுதி மட்டும் திருச்சியில் இருக்கிற மங்கையர்க்கரசியின் பொறுப்பு.

அரசி. அவன் மனைவி.

மெஷின் மேல் அவனுக்கு ஒரு கோபமும் இல்லை.

கோபமெல்லாம் தேவசகாயத்தின் மேல்.

நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறவர் தேவசகாயம். ஓடுகிற நிலையில் பழைய மெஷின் அவரிடம்தான் இருந்தது. சனிக்கிழமை அரசி புதுப் பதிப்பை அனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அந்த மனுஷன் நேரே லேபுக்குப் போய், அதை மெஷினில் ஏற்றிப் பார்த்துப் பதில் எழுதுவார்.

"ஓடுது, மேடம்."

இரண்டே வார்த்தை. கூடவே மெஷின் தானாக எழுதிய விவரம் ஒரு பக்கம்.

யாராவது ஒருவர் வாராவாரம் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்வரை அந்தப் பகுதியை நிறுத்தக் கூடாது என்பது குழுவின் விதி. அப்படிச் சொல்ல உலகத்திலேயே மிச்சமிருந்தது இந்த ஒரு ஆள். இவனுக்கென்று வந்து வாய்த்தது பார்.

ஞாயிறு பதினோரு மணிக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அடுப்பில் குழம்பு பொங்கினாலும் திரும்ப மாட்டாள். அந்த இரண்டு வார்த்தையைப் படித்துவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். இவன் வாரம் முழுக்கத் தொண்டை வறளப் பேசினாலும் கிடைப்பது ஒரு 'ம்'.

"அவரை நேர்ல பார்த்ததில்ல. குரல் எப்படி இருக்கும்னுகூடத் தெரியாதுங்க" என்று ஒருநாள் அவளே சொன்னாள்.

அவன் கேட்கவே இல்லை. கேட்காமல் சொன்னதுதான் இன்னும் எரிந்தது.

அதைப் பொறாமை என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு வெட்கம். ஆனால் பொறாமைதான். சுத்தமான வயிற்றெரிச்சல். ஒருமுறை அந்தப் பள்ளிக்கூடத்தின் ஆண்டுவிழாப் படங்களைத் தேடி ஆளைக் கண்டுபிடித்தான். வழுக்கை. அறுபது இருக்கும். அப்போதும் ஆறவில்லை.

நல்லவேளை, குழு விதியையே மாற்றிவிட்டது. ஒரே ஒரு ஆளுக்காக இத்தனை பேர் மெனக்கெட முடியாது என்று வாக்கெடுத்து முடித்துவிட்டார்கள்.

இனி சனிக்கிழமை அனுப்ப ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பதிலும் இல்லை.

"மத்தியானம் வெளிய சாப்பிடலாமா?" என்றான்.

"துணி காயப் போட்டுட்டு வரேங்க."

பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். லேப்டாப் திறந்தபடியே இருந்தது.

மெயில் வந்த சத்தம்.

தேவசகாயம்.

அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிற ஆள் இல்லை அவன். படித்தான்.

இந்த முறை இரண்டு வார்த்தையோடு நிற்கவில்லை.

'மேடம், அறிவிப்பைப் பார்த்தேன். இனியாவது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் லேப் மெஷின் இரண்டு வருடம் முன்பே போய்விட்டது. போர்டு எரிந்துவிட்டது. சொன்னால் உங்கள் வேலையை நிறுத்திவிடுவார்களே என்று சொல்லவில்லை. கடைசியாக வந்த விவரத்தையே தேதி மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். மன்னிக்க வேண்டும்.'

திரும்பவும் படித்தான்.

மாட்டினான் தேவசகாயம்.

இரண்டு வருஷம். நூறு ஞாயிறு. நூறு பொய். செத்துப்போன ஒரு மெஷினுக்காக இந்தப் பைத்தியக்காரி நூறு வாரம் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டிருக்கலாம். அதெல்லாம் வரவில்லை. உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

இரண்டிரண்டு படியாக ஏறினான்.

அவள் கொடியில் புடவையை விரித்துக்கொண்டிருந்தாள்.

"அரசி, உன் தேவசகாயம் மெயில் போட்டிருக்கான். அந்த மெஷின் செத்து ரெண்டு வருஷம் ஆச்சாம். சும்மாவே ஓடுது ஓடுதுன்னு எழுதிட்டு இருந்திருக்கான். நல்லா ஏமாத்தியிருக்கான் உன்னை."

மூச்சு வாங்கியது. அவள் முகம் விழுவதற்காகக் காத்திருந்தான்.

அவள் புடவையின் ஓரத்தில் கிளிப்பை மாட்டினாள்.

"தெரியுங்க."

"என்ன தெரியும்?"

"மெஷின் ஸ்டார்ட் ஆக எத்தனை விநாடி ஆச்சுன்னு அந்த விவரத்துல வரும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாவது மாறும். ரெண்டு வருஷமா மாறவே இல்ல."

"எப்போ கவனிச்சே?"

"முதல் வாரமே."

இன்னொரு கிளிப்பை எடுத்து மறு ஓரத்தில் மாட்டினாள்.

தெரிந்தும் நூறு சனிக்கிழமை எதற்கடி அனுப்பினாய் என்பது தொண்டைவரை வந்துவிட்டது.

கேட்டால் சொல்லிவிடுவாள். அரசி அப்படித்தான். கேட்டதற்கு மழுப்பத் தெரியாது.

குனிந்து, பக்கெட்டிலிருந்து அடுத்த துணியை எடுத்துக் கொடுத்தான்.