மூணாவது பெட்டி

ஜன்னலோர சீட்டுல இருந்த குட்டிக் குஷனைத் தூக்கி மேல சாமான் வைக்கிற கம்பில போட்டுட்டு, ஜம்முனு உக்காந்துட்டான் நம்மாளு.

"சார், அங்க ஆள் வருது"ன்னாங்க எதிர் சீட்டு நர்ஸம்மா. "சின்னக் குழந்தை. இப்ப வந்துரும்."

அவனுக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. இந்தக் கூத்து நடக்குதான்னு பாக்கத்தானே அஞ்சு மணிக்கே எந்திரிச்சு, காலி ட்ரெயின்ல இந்த ஊருக்கு வந்து எறங்கி, இப்ப ஏழு பத்துல திரும்பிப் போறான்!

விஷயம் இதான். நம்மாளு டவுன்ல லிஃப்ட் மெக்கானிக். ஒத்த ரூம் வீடு, நாலு வயசுப் பொண்ணு, பொண்டாட்டிக்கு இப்ப ஏழாம் மாசம். டவுனை விட்டு வெளிய போனாத்தான் மூச்சு விட முடியும்.

ரெண்டு ஊர் பாத்து வெச்சிருக்காங்க. இந்த ஊர் வீடு அட்டகாசம். வாசல்ல மரம், ரெண்டு ரூம், கீழயே வீட்டு ஓனர் தையலக்காவோட கடை. ஆனா ட்ரெயின் இங்க வரும்போதே பாதி ரொம்பித்தான் வரும். இன்னொரு ஊர் வீடு தீப்பெட்டி, ஜன்னலைத் தொறந்தா ஃபேக்டரி செவுரு. ஆனா ட்ரெயின் அங்கதான் கெளம்புது, எந்த சீட்டு வேணும்னாலும் உக்காரலாம்.

பொண்ணோட ஸ்கூல் அவன் ஆபீஸுக்குப் பக்கத்துலயே இருக்கு. தெனமும் அம்பது நிமிஷம் அப்பாகூடத்தான் அது வரணும். உக்கார இடம் கெடைக்குமா, கெடைக்காதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிஞ்சா ஊர் முடிவாயிரும்.

வீடு பாக்க வந்தன்னிக்குப் பொண்ணுக்கு வேற கவலை. "ட்ரெயின்ல ஜன்னல் எனக்கு எட்டுமா?"ன்னு தையலக்காகிட்டயே கேட்டுச்சு. அக்கா சிரிச்சுட்டு, ஒருநாள் பாப்பாவையும் கூட்டிட்டு மூணாவது பெட்டில ஏறிப் பாருங்கன்னு அவன்கிட்ட சொன்னாங்க. நேத்து ஃபோன் போட்டு, நாளைக்கே பாப்பாவோட வர்றேன்னு சொல்லியும் வெச்சான். காலைல பாத்தா அது போர்வைக்குள்ள இருந்து தலையே நீட்டல. சரி தூங்கட்டும்னு விட்டுட்டுத் தனியா வந்துட்டான்.

அதே மூணாவது பெட்டில ஏறிப் பாத்தா குஷன் போட்டு இடம் புடிச்சு வெச்சிருக்காங்க.

நர்ஸம்மா பாதி எந்திரிச்சு ப்ளாட்ஃபார்மையே எட்டி எட்டிப் பாத்தாங்க. அவங்க பக்கத்துல இருந்த போஸ்ட் ஆபீஸ் அண்ணனும் கழுத்தை நீட்டினாரு. குழந்தையும் வரல, குட்டியும் வரல. வண்டி கெளம்பிருச்சு.

"எங்கங்க உங்க குழந்தை? இனிமேத்தான் பொறக்கணுமா?"ன்னான் நம்மாளு.

பின்னாடி யாரோ கெக்கேன்னு சிரிச்சாங்க. அதுல கொஞ்சம் தெம்பு வந்துருச்சு அவனுக்கு. ட்ரெயின் என்ன உங்க தாத்தா எழுதி வெச்ச சொத்தா, இல்லாத குழந்தையைச் சொல்லி சீட்டு புடிக்கிறதுக்கு வெக்கமா இல்லையான்னு வாய்க்கு வந்ததெல்லாம் பேசினான். கடைசியா, "நானும் நாலு வயசுப் புள்ளைய வெச்சிருக்கேன். உங்க ஊருக்குக் குடி வந்தா அது தெனம் நின்னுட்டேதான் வரணும்போல"ன்னு முடிச்சான்.

நர்ஸம்மா அவனை ஒரு மாதிரி பாத்தாங்க. போஸ்ட் ஆபீஸ் அண்ணன் என்னமோ சொல்ல வாயெடுத்தாரு, அந்தம்மா கண்ணாலயே அமுத்திட்டாங்க.

திருப்பித் திட்டியிருந்தாக்கூட அவனுக்கு நல்லா இருந்திருக்கும். ஜெயிச்ச சீட்டுல முள்ளு மேல உக்காந்த மாதிரியே வந்தான். காதெல்லாம் சூடு. எதிர நிமிந்து பாக்க முடியல, ஜன்னல் பக்கமே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். கொஞ்சம் ஓவராத்தான் போயிட்டோமோ?

ஆனா வீராப்பு விடுமா? ஃபோனை எடுத்து, அவங்க காதுலயும் விழட்டும்னு பொண்டாட்டிக்கு சத்தமாவே வாய்ஸ் மெசேஜ் போட்டான். "இந்த ஊர் வேணாம்மா. வீடு நல்லாருந்து என்ன, மனுசங்க சரியில்ல. தீப்பெட்டியே போதும்." கையோட தையலக்காவுக்கும் ரெண்டு வரி தட்டி விட்டான், வீடு வேணாம், உங்க ஊர் ஆளுங்களே காரணம்னு.

பொண்டாட்டிகிட்ட இருந்து பதில் வந்துச்சு. பாப்பா எந்திரிச்சுட்டா, ஏன் என்னை விட்டுட்டுப் போனேன்னு ஒரே அழுகை, ஜன்னல் பாக்கணுமாம்.

அதைக் கேட்டதும் ஃபோனைப் பாக்கெட்ல போட்டுட்டு டவுன் வர்ற வரைக்கும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டே வந்தான்.

டவுன் வந்துச்சு. எல்லாரும் எறங்கட்டும், யார் மூஞ்சியும் பாக்காம கடைசியா நழுவிரலாம்னு அப்படியே உக்காந்திருந்தான். ஆனா நர்ஸம்மா போகல. பெட்டி காலியாகுற வரைக்கும் நின்னாங்க. அப்புறம் எம்பி, கம்பி மேல கெடந்த குஷனை எடுத்தாங்க. ரெண்டு தட்டுத் தட்டித் தூசியை ஒதறினாங்க. அவன் மடியில வெச்சாங்க.

"தையலக்கா குடுத்துவிட்டது சார், உங்க பாப்பாவுக்கு ஜன்னல் எட்டணும்ல."