பிறையும் தொட்டியும்

படத்தில் இருப்பதுபோல, சிவப்புத் தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் மசூதி மினாரின் பிறை கச்சிதமாக உட்கார வேண்டும். இந்த மாடியிலிருந்து பார்த்தால் விலகி நின்றது.

ரிஹாம் படியிறங்கி அடுத்த கட்டடத்துக்கு ஓடினாள்.

கையில் போன். போனில் அந்தப் படம்.

ஸ்டூடியோ மொட்டை மாடியில் அவள் பின்னணித் துணியைக் காயப்போடுகிறாள். கூட வேலை செய்யும் ஷாதி அவள் தோளை உரசிக்கொண்டு சிகரெட் பிடிக்கிறான். புகை அவள் காதுக்குள் போகிறது.

உண்மையில் ஷாதி நின்றது எதிர்க் கட்டடத்து மாடியில்.

"நமக்கு நடுவுல ரெண்டு ஆட்டோ எதிரும் புதிருமா போகும். உங்கப்பாவை டேப் எடுத்துட்டு வரச் சொல்லு" என்று படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

சிரிப்பான். அவனுக்கென்ன, நாளைக்கும் வேலைக்கு வருவான்.

மத்தியானம் பாபா அந்தப் படத்தை அவள் போனுக்கு அனுப்பிவிட்டு, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "யாரோ அனுப்பியிருக்கான். உன்னைக் காலேஜுல போட்டது போதும். நாளைலேர்ந்து ஸ்டூடியோ கிடையாது. வெள்ளிக்கிழமை உன் பெரியப்பா மகனுக்குப் பேசி முடிச்சுடறோம்."

யார் என்று கேட்டாள். தெரியாத நம்பர், அழித்துவிட்டேன் என்றார்.

அழித்தால் என்ன? படம் எடுத்தவன் பெயரை மறைக்கலாம், நம்பரை மறைக்கலாம். நின்ற இடத்தை எப்படி மறைப்பான்?

ஜூம் இழுத்தால் ஆள் பெரிதாவான், அவ்வளவுதான். இரண்டு பேரை ஒட்டவைப்பது தூரம். நன்றாகப் பின்னால் போய் நின்றால் சந்து என்ன, நைல் நதியையே மடித்து வைத்துவிடலாம். இதைப் படித்துத்தான் அந்த வீட்டில் முதல் பட்டம் வாங்கினாள்.

அனுப்பியவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பாபாவின் முன்னால் நிறுத்த வேண்டும். பொழுது சாய்வதற்குள்.

இன்னொரு மாடி. துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண், "யாரும்மா நீ, கதவைத் தட்டிட்டு வரமாட்டியா?" என்று சீறினாள். ரிஹாம் போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். இங்கே பிறை தொட்டிக்குப் பின்னால் முங்கிக் கிடந்தது. உயரம் போதாது. எதிர்க் கட்டடத்து ஜன்னலைத் தொட்டி பாதி மறைக்க வேண்டும். இங்கிருந்து முழுதாக மறைத்தது. இன்னும் பின்னால். இன்னும் இடப்பக்கம்.

பேக்கரியைத் தாண்டினாள். காயலான் கடையைத் தாண்டினாள். ஓட்டம் நடையாயிற்று.

அடுத்த சந்தின் முனையில் நின்றேவிட்டாள். திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

சந்துக்குள் போனாள்.

இருட்டான மாடிப்படி. யாரும் அவளை அதட்டவில்லை. உடைந்த படியை அவள் கால் தானாகவே தாண்டியது.

மேலே மரச் சட்டங்களால் கட்டிய புறாக் கோபுரம். ஏணியில் ஏறினாள். புறாக்கள் ஒன்றுகூடப் பதறவில்லை.

உச்சிப் பலகையில் நின்று பார்த்தாள். தொட்டி மூடிமேல் பிறை. பாதி ஜன்னல். ஒரு விரல்கூட விலகவில்லை.

பாபாவின் போன் அவள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. வானத்தில் சுற்றுகிற புறாவின் கால் வளையம்கூட அதில் தெரியும்.

கீழே சீழ்க்கை கேட்டது. புறாக்களை அடையக் கூப்பிடுகிற சீழ்க்கை. இத்தனை வருஷமாக அவள் தினமும் கேட்கிற சீழ்க்கை. அது ஏணியில் ஏறி வந்தது.

ரிஹாம் படத்தை அவருக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள்.

பாதி ஏணியில் சீழ்க்கை நின்றது.