கிடாக்குட்டியின் மேல் பிரியம்

சந்தையில் முளையடித்துக் கட்டியிருந்த கிடாக்குட்டிக்குக் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை.

முதலில் வைத்தியர் வந்து காலைத் தடவினார். "இந்த எலும்புல சூப்பு வச்சுக் குடிச்சா என் நோயாளி எழுந்து நடப்பான்" என்று கண் கலங்கினார். அடுத்து தவில்காரர் விலாவைத் தட்டி, "என்ன தோலு! தொட்டாலே பேசும்" என்று உருகினார். பூசாரியோ கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமி கனவுல காட்டினது இதேதான்" என்றார். மூவரும் ஆட்டுக்காரனைத் தேடிப் போனார்கள்.

"எல்லாருக்கும் என் மேல எவ்வளவு பிரியம்!" என்றது குட்டி.

வேலியில் இருந்த காக்கை சிரித்தது. "மாப்ளே, ஒருத்தருக்கு நோயாளி மேல பிரியம், ஒருத்தருக்குத் தவில் மேல, ஒருத்தருக்குச் சாமி மேல."

"அப்போ நடிக்கிறாங்களா?"

"சேச்சே! மூணும் அசல் பிரியம். அதான் பயமா இருக்கு, ஓடு!"

குட்டி முளையைச் சுற்றிச் சுற்றி வந்தது. கயிறுதான் குட்டையானது. மூவரும் திரும்பி வருவது தெரிந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தது. முளை பிடுங்கிக்கொண்டது. போன வேகத்தில் குட்டி கீரைக்காரியின் கூடையைக் கவிழ்த்தது.

"சனியனே, கண்காணாத இடத்துக்கு ஓடிப் போ!" என்று அவள் விளக்குமாற்றை வீசினாள்.

குட்டி அவள் சொல்லைத் தட்டாமல் ஓடியது.